கல்லோடு வந்தவர்கள்: உப்புநீர்த் தொட்டியில் நான் பட்ட பாடு

யாராவது வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னால், என்ன மீன் என்று நான் கேட்பதில்லை. கல் யாரிடம் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்பேன். சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி ஒன்றை வைத்த புதிதில், மீனை ரசித்த நேரத்தைவிடத் திருடனைத் தேடிய நேரமே அதிகம். காசுக் கணக்கில் 700 வெள்ளிக்கு மேல் போயிற்று. தூக்கம் போனதற்குக் கணக்கே இல்லை. கல்லோடு ஒட்டி வரும் உயிர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள்தான். ஆனால் ஒருவர் கொல் என்பார், இன்னொருவர் விட்டுவிடு என்பார். புதிதாக வருபவனுக்குத் தலை சுற்றும். அதனால் எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

லைவ் ராக் என்று விற்பது, இறந்த பவளத்தின் எலும்புக்கூடு. கடலுக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து துளை துளையாகிப்போன கல். அந்தத் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தொட்டியைக் காப்பாற்றுகின்றன. நாம் காசு கொடுப்பது அதற்குத்தான். ஆனால் பாக்டீரியா குடியிருக்கும் வீட்டில் வேறு யாரும் குடியிருக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் தன் தொட்டியைக் கலைத்தார். கடை விலையில் பாதிக்கு ஏறக்குறைய 15 கிலோ கல். "நாலு வருஷமா என் தொட்டியில் இருந்த கல், ஒரு பூச்சி பொட்டு கிடையாது" என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாளிகளில் ஏற்றி, டாக்சி பிடித்து, அன்று மாலையே கல் என் தொட்டிக்குள் போய்விட்டது.

முதல் சில வாரங்கள் சொர்க்கம். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் கோப்பிபாடுகள், கல் இடுக்கிலிருந்து கையை மட்டும் நீட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார்கள், விசிறி விரிக்கும் குழாய்ப்புழுக்கள், ஸ்டொமட்டெல்லா நத்தைகள், விரல் நகம் அளவுகூட இல்லாத ஆஸ்டெரினா நட்சத்திர மீன்கள். இவை எல்லாம் அநேகமாகச் சாதுக்கள். பாசியையும் மிச்சத் தீனியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. காசு கொடுக்காமல் கிடைத்த துப்புரவுப் பணியாளர்கள். இதைப் படித்துவிட்டுத் தெரியாத உயிர் எதைப் பார்த்தாலும் இடுக்கியை எடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இவற்றை முதலில் சொல்கிறேன். கல்லோடு ஒட்டி வருபவற்றில் பெரும்பாலானவை நமக்கு நல்லதே செய்கின்றன. நூற்றில் ஒன்றிரண்டுதான் வில்லன்கள். சிக்கல் என்னவென்றால், அந்த ஒன்றிரண்டு கண்ணில் படாது.

அப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். விடியற்காலையில் எழுந்து வரவேற்பறையில் உட்காரும் பழக்கம் அவருக்கு. ஒருநாள் காலைக் காப்பியின்போது, "தம்பி, இந்த வீட்டுல பல்லி நல்லாச் சொல்லுது, கிழக்கே இருந்து சொல்லுது, நல்ல சகுனம்" என்றார். கிழக்குச் சுவரை ஒட்டித்தான் தொட்டி இருந்தது. மறுநாள் நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். டக், டக், சற்று நிறுத்தி மறுபடி டக். பல்லி இல்லை. சத்தம் கண்ணாடிக்குள்ளிருந்து வந்தது. மீன்கடை அங்கிளிடம் கேட்டதற்கு, அது பிஸ்டல் இறால், கொடுக்கைச் சொடுக்கும் சத்தம், ஒன்றும் செய்யாது, அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள் என்றார். ஆக, சகுனம் பார்ப்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பிறகு நத்தைகள் குறைய ஆரம்பித்தன. பாசி தின்ன வாங்கிப்போட்ட டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சங்கு நண்டுகளின் வெறும் ஓடுகள் மணலில் கிடந்தன. 35 வெள்ளி கொடுத்து வாங்கிய கிளீனர் இறால் ஒரு நாள் இருந்தது, மறுநாள் இல்லை. நண்டும் இறாலும் தோல் உரிக்கும் என்பதால், கிடப்பது உரித்த தோலா பிணமா என்று தெரியாமல் கொஞ்ச நாள் ஓடியது. கடைசியில் மஞ்சள் வாட்ச்மேன் கோபி, நான் பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒரே மீன், கல்லடியில் செத்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு சாண் நீளத்துக்கு இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் வெள்ளை முடி முடியாகப் பிரிஸ்டில் புழு ஒன்று மொய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் புழுதான் கொலைகாரன் என்று தோன்றும். கடையில் படத்தைக் காட்டினேன். இதுதான், பொறி வைத்துப் பிடித்துக் கொன்றுவிடு என்றார்கள். 18 வெள்ளிக்குப் பொறியும் விற்றார்கள்.

பொறியில் புழுக்கள் மாட்டின. சாவு நிற்கவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சாதாரண பிரிஸ்டில் புழு பிணம் தின்னி. மீன் செத்தபின் வருமே தவிர, ஆரோக்கியமான மீனைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. அவை பெருகினால், நாம் தீனி அதிகம் போடுகிறோம் என்று பொருள். பயப்பட வேண்டியது அதன் முள்ளுக்கு மட்டும்தான். வெறுங்கையால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத முட்கள் தோலில் ஏறி எரியும். தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். உண்மையிலேயே அஞ்ச வேண்டிய புழு வேறு: யூனிஸ் வகை. தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடலில் வானவில் மினுமினுப்பு, வலுவான தாடை. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ ஊரில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சிசாலையில் மீன்களும் பவளங்களும் காயப்பட்டுக்கொண்டே இருக்க, கல்லைக் கலைத்துப் பார்த்தபோது நாலடி நீளத்துக்கு அப்படி ஒன்று வெளியே வந்தது. என் பொறியில் விழுந்தவற்றின் தலையை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஐந்து கொம்பு எதற்கும் இல்லை.

எனவே தடயம் பார்க்க ஆரம்பித்தேன். யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இதுதான்: உயிரைத் தேடுவதற்கு முன் அது விட்டுச்சென்றதைப் பார்க்க வேண்டும். நத்தை ஓடு முழுசாக, உள்ளே காலியாக இருந்தால் அது தானாகச் செத்திருக்கலாம், அல்லது சங்கு நண்டு தின்றிருக்கலாம். ஓடு உடைந்து சில்லுச்சில்லாக இருந்தால் உடைக்கும் வலு உள்ள ஒன்று இருக்கிறது. பவளத்தின் சதை பிய்ந்திருந்தால் நண்டையோ புழுவையோ நினைக்கலாம். கொடுக்கின் நுனி கறுப்பாக, உடம்பெல்லாம் மயிராக இருக்கும் நண்டு என்றால் வைத்துக்கொள்ளாமல் வெளியேற்றுவதே நல்லது. மீன் தடயமே இல்லாமல் மறைந்தால் முதலில் தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள். துள்ளி வெளியே விழுந்த மீன்கள்தான் நிறைய. என் மணலில் உடைந்த ஓடுகள், அதுவும் ஒரே கல்லின் கீழே குவிந்திருந்தன.

சிவப்பு செலோபன் தாளை டார்ச்சில் சுற்றி இரவெல்லாம் காவல் காத்தேன். நண்டு, இறால், புழு இவற்றுக்கெல்லாம் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது என்பதால் எல்லாரும் சொல்லும் உபாயம் அது. புழுக்கள் உலாவின, நான் தேடியது வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. என் திருடன் மேண்டிஸ் இறால், முன்காலால் அடித்து ஓடுகளை நொறுக்கும் உயிர். அதன் கண்ணில் நிறத்தை உணரும் செல்கள் 12 வகை வரை உண்டு, நமக்கு மூன்றுதான். அதனிடம் சிவப்பு விளக்கு வித்தை பலிக்காது. தவிர, நத்தை ஓடுகளை உடைக்கும் மேண்டிஸ் வகைகளில் பல பகல் நேரத்து வேட்டைக்காரர்கள், இரவில் வளைக்குள் அடைந்துகொள்பவை. என்னை அதனிடம் கொண்டு சேர்த்தது ஒரு துளை. பகலில் வட்டமாகத் திறந்திருந்த அது, மாலை விளக்கு அணைந்த பிறகு சிறு கற்களால் உள்ளிருந்து அடைபட்டிருந்தது. மறுநாள் காலை திறந்திருந்தது. நண்டோ புழுவோ இப்படிக் கதவு சாத்திக்கொண்டு தூங்காது. அடுத்த விடியலில் அந்தத் துளைக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காம்பு மேல் இரண்டு கண்கள், ஒன்று ஒரு பக்கம் பார்க்க, மற்றொன்று என்னைப் பார்த்தது. பிறகு ஒரு நத்தையை இழுத்துக்கொண்டு போய், டக்.

நான் பயந்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. விரல் அளவு உயிர்தான். ஆனால் மயில் மேண்டிஸ் இறால் என்னும் பெரிய வகையின் அடியை 2004இல் ஆய்வாளர்கள் அளந்தபோது நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை வந்தது. அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது வெடிக்கும்போது இரண்டாவது அடியும் விழுகிறது. நத்தை ஓட்டையே நொறுக்கும் அந்த அடி என் விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கை விட்டுத் துழாவும் வேலை கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு வைத்துப் பார்த்தேன். அது வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பொறியில் மாட்டும் மேண்டிஸும் உண்டு என்கிறார்கள். என் வீட்டுக்கு வந்தது படித்தது போலும்.

முடிவில் வேலை செய்தது கோப்பிக்கடையில் கிடைக்கும் வெறும் சோடா. சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்க்காத சோடாத் தண்ணீர் மட்டும். முழுக்கையுறை போட்டு அந்தக் கல்லை மட்டும் மெதுவாக வெளியே எடுத்து, காலி வாளிக்கு மேல் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் துளைக்குள் சோடாவைப் பீய்ச்ச வேண்டும். கரியமில வாயு தாங்காமல் உள்ளே இருப்பது வெளியே பாயும். தொட்டிக்குள் இதைச் செய்யவே கூடாது. தண்ணீரின் காரத்தன்மை சரிந்து எல்லாம் மூச்சுத்திணறும். வாளியில் 'பொத்' என்று பச்சை நிறத்தில் விழுந்தது. கூடவே நான் அறியாத இரண்டு குட்டி நண்டுகளும் விழுந்தன. கல்லைத் தொட்டித் தண்ணீரில் அலசித் திருப்பி வைத்தேன். மேண்டிஸைக் கொல்ல மனம் வரவில்லை. கடலில் விடுவதும் தவறு. எந்தக் கடலிலிருந்து வந்ததோ, எந்த நோயைச் சுமக்கிறதோ தெரியாது. மேண்டிஸை மட்டுமே தனித்தொட்டியில் வளர்க்கும் ஒருவர் மகிழ்ச்சியோடு வந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சனியன், அவருக்குச் செல்லப்பிள்ளை.

இதற்கு நடுவில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிக ஆபத்தானதை இங்கே சொல்லியாக வேண்டும். "கல்லைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடு, எல்லாம் ஒழியும்" என்றார் ஒருவர். செய்யாதீர்கள். என் கல்லில் பழுப்பு நிறப் பொத்தான்களைப்போல ஒட்டியிருந்த பாலித்தோவா என்னும் பவள உறவினத்தைக் காட்டி, இது வளர்க்க எளிது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தால் அது அழியாது. ஆவியோடும் தெறிக்கும் நுண்துளிகளோடும் சேர்ந்து நம் நுரையீரலுக்குள் போகும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் வீட்டுத் தொட்டியின் பவளத்தைச் சுத்தம் செய்ததால் ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் சிலரும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. வாயில் உலோகச் சுவை, இருமல், காய்ச்சல், மூச்சு முட்டல் என்று ஆரம்பிக்கும். கல்லைத் தேய்க்கும்போதும் பவளத்தை வெட்டும்போதும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள். மருத்துவரிடம் போனால் பவளத் தொட்டி வைத்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். இன்னொருவர் செம்பு மருந்து ஊற்றச் சொன்னார். செம்பு முதுகெலும்பில்லாத உயிர்கள் அத்தனையையும் கொல்லும், கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கல்லில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் அமோனியா ஏறி மீனும் போகும்.

மேண்டிஸ் போனதும் நிம்மதி என்று நினைத்தபோது அய்ப்டேசியா தலைகாட்டியது. பழுப்பாக, கண்ணாடி போல, குட்டித் தென்னை மரம்போல நிற்கும் கடல் சாமந்தி. பெயர்தான் பூ, உண்மையில் விலங்கு. பார்க்க அழகாகவே இருக்கும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், வேகமாகப் பெருகும். இதில் பெரும்பாலானோர் செய்வது பிடுங்குவது. பிடுங்கினால் ஒட்டியிருக்கும் சிறு துணுக்கெல்லாம் புதுச் சாமந்தியாக முளைக்கும். ஒன்று பத்தாகும். கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாய் மேல் மெதுவாக விட வேண்டும். தீனி என்று நினைத்து விழுங்கும், அல்லது சுருங்கும்போது மேலே மூடிவிடும். கொஞ்ச நேரம் விட்டு மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம். நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா தேக்கா சந்தையில் வாங்கிய டப்பாவை நீட்டி, "அட, சுண்ணாம்பு தானே, எங்கிட்ட இருக்கே தம்பி" என்றார். பொருள் அதுவேதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாததால், மீன்தொட்டிக்கென்று விற்கும் தூய பொடியையே வாங்கினேன். ஒரே நாளில் நிறையச் சாமந்திகளுக்குப் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை எகிறும். அன்றைக்கு நாலைந்து போதும்.

தின்று தீர்க்கும் உயிர்களை வாங்கலாம் என்பார்கள். பெப்பர்மின்ட் இறால் சின்னச் சாமந்திகளைத் தின்னும், பெரியதைக் கண்டுகொள்ளாது. தீனி தாராளமாகக் கிடைத்தால் சின்னதையும் விட்டுவிடும். கடையில் முதுகு கூனிய கேமல் இறாலை அதே பெயரில் தள்ளிவிடுவது உண்டு. அது பவளத்தைத் தின்னும். பெர்கியா என்னும் ஓடில்லாத சின்னக் கடல் நத்தை அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. சாமந்தி தீர்ந்ததும் பட்டினியில் சாகும், விலையும் அதிகம். செம்புக் கோட்டுப் பட்டாம்பூச்சி மீனை இரண்டடித் தொட்டிக்கு வாங்கச் சொல்பவர் உங்கள் நண்பர் அல்ல, வியாபாரி. ஒரு தொல்லையைத் தீர்க்க, வாழ இடமில்லாத மீனை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களையும் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியக் கடல் பூங்கா. யாராவது ராமேஸ்வரம் பக்கத்துக் கல் என்று மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே ஒளிந்திருக்கும் இறாலைவிடப் பெரிய தொல்லை வெளியே காத்திருக்கும். சுட்ட பீங்கான் பாறையோ செயற்கைப் பாறையோ வைத்து, பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றி, பொறுமையாக அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் ஆகும்வரை காத்திருந்தால் அதுவும் வேலை செய்யும். பாசி கொஞ்ச நாள் அசிங்கமாக வளரும், அவ்வளவுதான். திரும்பவும் தொடங்கினால் நானே அப்படித்தான் செய்வேன். சிங்கப்பூரில் லைவ் ராக்தான் வேண்டும் என்பவர்கள் அதை நேரே தொட்டிக்குள் வைக்காமல், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 1.025 அடர்த்தி உப்புநீரும் ஒரு பம்பும் போட்டு, இருட்டில் நாலு முதல் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். இரவு நேரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். டக் என்றால் அங்கேயே தெரிந்துவிடும், மீன் ஒன்றும் சாகாது.

இப்போது புதிய பவளத் துண்டு எது வந்தாலும் அது ஒட்டியிருக்கும் சிறு கட்டையை வெட்டி எறிகிறேன். பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் அந்தக் கட்டையின் அடியில்தான் வருகின்றன. பிறகு அயோடின் கலந்த நீரில் முக்கி, மணலும் கல்லும் இல்லாத ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைக்கிறேன். முக்குவதால் பூச்சி சாகுமே தவிர முட்டை சாகாது என்பதால் வாரம் ஒருமுறை மறுபடி முக்குவேன். போன மாதம் வந்த சோவாந்தஸ் (பாலித்தோவாவைப்போன்ற பவள உறவினம்) ஒன்றின் அடியில் வெள்ளையாகச் சுருண்ட முட்டைச் சரம் ஒன்று இருந்தது. சோவாந்தஸைத் தின்னும் நூடிபிராங்க் என்னும் ஓடில்லாத கடல் நத்தை போட்டது. பழைய பல்துலக்கி, உருப்பெருக்கி, கையுறை, கண்ணாடி சகிதம் சுரண்டி எடுத்தேன். அந்தத் துண்டு இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பெரிய தொட்டிக்குள் விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.